வில்லனிடம் பாடம் கேட்பது எப்படி? குமரி மாவட்டத்துக் கதைகளோடு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஊர் இசக்கியம்மன் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டை ஆச்சி மடியில் படுத்தபடிதான் கேட்டு வளர்ந்தேன். நள்ளிரவு தாண்டிய பிறகு நீலி கதை வரும். நம்பி வந்த பெண் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவள் நகைக்கு ஆசைப்பட்டவன் மணலைக் கூட்டி, அவள் தலையை அதில் இறக்கி வைத்து, கல்லைத் தூக்கிப் போடுகிறான். பார்த்த சாட்சி ஒரு கள்ளிச்செடி மட்டும். மறுபிறவியில் அவள் பேயாக வருகிறாள். கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன்" என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அழுகிறாள். அவர்கள் நம்பி இரண்டு பேரையும் ஒரே வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். விடிவதற்குள் அவன் கதை முடிந்துவிடுகிறது.

அந்த இடத்தில் ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். "யாருக்கு ஆச்சி அழுக?" என்று ஒரு தடவை கேட்டேன். "அவளுக்குத்தான் மக்களே, வேற யாருக்கு?"

அதே வாரம் வகுப்பில் அடி வாங்கி அழுதபோது வாத்தியார் சொன்னார்: "நீலிக்கண்ணீர் வடிக்காதே." பொய்யழுகைக்கு அதுதான் பெயர். எனக்குக் குழப்பமாகிவிட்டது. சொல் கண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் நடந்த கொலையை விட்டுவிட்டது. ஆச்சிக்குக் கொலை மறக்கவில்லை. வில்லன்களைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அங்கேதான்.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு உட்கார்கிறேன். வாரம் ஒரு வில்லன். பால் இல்லாத கட்டஞ்சாயாவும், யார் வீட்டிலாவது அவித்த மரச்சீனிக்கிழங்கும் இருக்கும். அங்கே செய்து பார்த்து, தப்பாகி, திருத்திக்கொண்ட முறையைத்தான் கீழே எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு மட்டுமானது என்று நினைக்க வேண்டாம். எனக்குத்தான் இதில் அதிகப் பலன் கிடைத்திருக்கிறது.

தேவையானவை: ஒரு நாற்பது பக்க நோட்டு, நன்றாகத் தெரிந்த ஒரு கதை, ஒரு மணி நேரம். புராணம் நடந்ததா, கற்பனையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. நமக்கு அவை கதையாகத்தான் வந்து சேர்ந்தன. கதையாகவே எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: சரியான வில்லனைப் பிடியுங்கள்

எல்லா வில்லனும் வாத்தியார் ஆக மாட்டான். கன்னத்தில் வெட்டுத்தழும்பு, காரணமே இல்லாத சிரிப்பு, பின்னால் நாலு அடியாள் என்று வருகிறவனிடம் கற்க ஒன்றும் இல்லை. அவன் கதாநாயகன் அடிப்பதற்காக வைத்த மூட்டை.

தேர்ந்தெடுக்க ஒரே கேள்விதான். இவன் ஆசைப்படுவது எனக்கும் வேண்டிய ஒன்றா? துரியோதனனுக்கு வேண்டியது, அப்பாவின் வீட்டில் தன் பங்கு. மந்தரைக்கு வேண்டியது, தான் வளர்த்த கைகேயியின் நலம். நீலிக்கு வேண்டியது நியாயம். ஆசை நம்முடையதாக இருந்து, போன வழி மட்டும் கோணலாக இருந்தால், அந்த வில்லன் உதவுவான்.

உயிரோடு இருக்கும் யாரையும் எடுக்காதீர்கள். இது கண்டிப்பு. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: முதலில் பச்சையைப் பூசுங்கள்

எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கம், திருவட்டாறு வட்டாரத்தில், கோயில் திருவிழாவில் கதகளி பார்க்கும் பழக்கம் உண்டு. ராவணன், கீசகன், துரியோதனன் மாதிரி ஆட்களுக்குப் போடும் வேஷத்தின் பெயர் 'கத்தி'. அது எப்படி உருவாகிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். நடிகர் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்கிறார். சுட்டி குத்துகிறவர் தலைமாட்டில் உட்கார்ந்து, அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்த விழுதால் தாடை ஓரத்தில் வெள்ளை வரம்பு எழுப்புகிறார். முகத்துக்குப் பூசும் நிறம் பச்சை. நளனுக்கும் தர்மபுத்திரருக்கும் பூசும் அதே பச்சைதான். அதன்மேல்தான் கன்னத்தில் மேல்நோக்கி வளையும் சிவப்புக் கத்தி வரைகிறார்கள். மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டை ஒட்டுகிறார்கள். அதோடு ஆள் மாறிவிடுகிறான். பச்சை வேஷக்காரர் மேடையில் வாய் திறப்பதில்லை. கத்தி வேஷக்காரர் திரைக்குப் பின்னால் இருந்தே உறுமத் தொடங்கிவிடுவார்.

அடியில் இருப்பது பச்சை. அதனால் நோட்டில் முதல் பக்கம், அந்த வில்லனின் நல்லது மட்டும். குறைந்தது மூன்று வரி. ராவணனுக்கு: கொடியிலேயே வீணையை வைத்திருந்தவன், இசையால் சிவனையே இளக்கியவன், தங்கைக்கு ஒன்று என்றதும் எழுந்தவன். துரியோதனனுக்கு: ஊரே குலம் கேட்டுக் கேலி செய்தபோது கர்ணனுக்கு அங்க நாட்டைக் கொடுத்தவன்.

பிள்ளைகள் இதற்கு முரண்டு பிடிப்பார்கள். "கெட்டவனப் போய் எதுக்கு சார் நல்லவன்னு எழுதணும்?" எழுதச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் காலியாக இருந்தால் மற்றதெல்லாம் வெறும் திட்டு.

மூன்றாம் படி: பழைய காயத்தைத் தேடுங்கள், ஆனால் தராசையும் எடுத்துக்கொள்ளுங்கள்

கம்பன் மந்தரையைக் கொண்டுவரும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறான். சின்ன வயதில் ராமன் விளையாட்டாக வில்லில் மண்ணுருண்டை வைத்து அவள்மேல் அடித்திருக்கிறான். ராமனுக்கு அது நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் மறக்கவில்லை.

நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் 'இவருக்கு என்ன நடந்தது'. வலப்பக்கம் 'இவர் என்ன செய்தார்'. இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். மந்தரையின் பக்கத்தை எழுதியபோது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எகிறினாள்: "ஒரு மண்ணுருண்டைக்குப் பதினாலு வருஷமா?" அடுத்த பெஞ்சில் இருந்து ஒரு பையன், கொஞ்சம் திக்கிப் பேசுகிறவன், மெதுவாகச் சொன்னான்: "ஒரு தடவதான் அடிச்சான்னு யாரு சொன்னா?" அன்று அதற்கு மேல் யாரும் பேசவில்லை. சாயா ஆறிப்போனது.

நீலிக்கு இந்தத் தராசு வேறு மாதிரி நிற்கும். இடப்பக்கம் கனம். முப்பந்தலில், நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகும் சாலையோரம், காற்றாலைகளுக்கு நடுவே இருக்கும் இசக்கியம்மன் கோயிலை நீலி அமர்ந்த இடம் என்றுதான் இங்கே சொல்வார்கள். லாரிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வஞ்சம் தீர்த்தவளை விரட்டிவிடாமல் கோயில் கட்டி உட்கார வைத்த ஊர் இது. இதை நியாயம் என்று எடுத்துக்கொள்வதா, பயம் என்று எடுத்துக்கொள்வதா? எனக்கு இரண்டும் சேர்ந்ததாகத்தான் தோன்றுகிறது.

ஒரு எச்சரிக்கை. காரணம் தெரிந்ததும் மன்னித்துவிடும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. வில்லனின் சின்ன வயசுக் கண்ணீரைக் காட்டினால் போதும், கைத்தட்டிவிடுகிறோம். தராசு அதற்குத்தான். காயத்தை எழுதியவர் செய்கையையும் எழுதியே ஆக வேண்டும்.

நான்காம் படி: வரப்பட்டியலை வாசியுங்கள்

இதற்கு மட்டும் ஒரு வாரம் முழுக்க எடுத்துக்கொண்டாலும் தகும்.

எங்கள் மாவட்டத்தின் பெயரே ஒரு வில்லன் விட்ட ஓட்டையில் இருந்து வந்ததுதான். பாணாசுரன் வரம் வாங்கினான். கன்னிப்பெண் ஒருத்தியைத் தவிர வேறு யாராலும் சாவு வரக்கூடாது. கன்னிப்பெண் என்ன செய்துவிடப் போகிறாள் என்ற எண்ணம். அப்புறம் பராசக்தி குமரியாக வந்து தென்கோடியில் நின்றாள். சுசீந்திரத்து ஈசனுக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணம் நடந்துவிட்டால் அவள் கன்னியில்லை, அசுரன் தப்பித்துக்கொள்வான். நாரதர் கணக்குப் போட்டார். நள்ளிரவு முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை சுசீந்திரத்தில் இருந்து கிளம்பி வரும் வழியில், நாரதர் சேவலாகிக் கூவிவிட்டார். விடிந்துவிட்டதென்று மாப்பிள்ளை திரும்பிப் போய்விட்டார். கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும்தான் கடற்கரையில் நிறம் நிறமாய் மணலாகிக் கிடக்கின்றன என்பார்கள். (சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்காக ஆச்சியின் அரிசியை நான் விட்டுக்கொடுத்ததில்லை.) அவள் குமரியாகவே நின்றாள். அவளை வலுவில் அடைய வந்த பாணாசுரன் அவள் கையாலேயே முடிந்தான்.

மற்றவர்களைப் பாருங்கள். ராவணன் தேவர், அசுரர், நாகர் என்று வரிசையாகப் பாதுகாப்பு கேட்டான். மனிதனையும் குரங்கையும் கேட்கவில்லை. கேட்பதே கேவலம் என்று நினைத்தான். வந்ததும் அந்த இரண்டும்தான். மகிஷாசுரன் பெண்ணைக் கணக்கில் எடுக்கவில்லை. இரணியன் இவர்களைவிடக் கெட்டிக்காரன். பகல், இரவு, உள், வெளி, மனிதன், விலங்கு என்று ஒன்றுவிடாமல் அடைத்தான். அவனுக்கு இடைவெளிகளிலேயே எமன் வந்தது. அந்தி நேரம், வாசற்படி, பாதி மனிதன் பாதி சிங்கம்.

வேலை இதுதான். ஒரு பக்கத்தில் வில்லன் எதற்கெல்லாம் காப்புத் தேடினான் என்று எழுதுங்கள். கீழே 'விட்டுப்போனது' என்று தலைப்பிட்டு விட்டதை எழுதுங்கள். ஏன் விட்டான்? மறதியால் விட்டவன் அனேகமாக யாரும் இல்லை. விட்ட இடத்தில் பெரும்பாலும் ஏளனம் இருக்கும். அவன் யாரைத் துச்சமாக நினைத்தான் என்பதை அவன் வரமே சொல்லிவிடும்.

அப்புறம் அடுத்த பக்கத்தில் உங்கள் பட்டியல். நான் எங்கள் வீட்டுப் பட்டியலை எழுதினேன். குலசேகரம் பக்கம் அப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருந்தது. அப்பா எல்லாவற்றுக்கும் முன்னேற்பாடு வைத்திருந்தார். இலை உதிர்கிற நோய்க்கு மருந்து, விலை இறங்கினால் ரப்பர் ஷீட்டை அடுக்கி வைக்கக் கொட்டகை, பால்வெட்டுக்காரர் வராத நாளுக்கு மாற்று ஆள், மழைக்காலத்துக்கு மரத்தில் பிளாஸ்டிக் பாவாடை. காற்று பட்டியலில் இல்லை. புயல் என்றால் நாகப்பட்டினம், கடலூர் என்று கிழக்குக் கரைக்காரர்கள் சமாசாரம். நாங்கள் மலையோரம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தது. கடலில் போன மீனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தத் துயரத்துக்கு முன்னால் எங்கள் மரங்கள் ஒன்றுமே இல்லை. ஆனால் மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போனபோது, ஒரே பக்கமாகத் தலை சாய்த்துக் கிடந்த மரங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகள் அப்படியே கட்டியிருந்தன. ஒன்றில் முந்தின நாள் பால் உறைந்திருந்தது. அப்பா அதை உரித்து எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

அப்பா வில்லன் இல்லை. பட்டியலில் ஓட்டை விட வில்லனாக இருக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: திறந்திருந்த கதவுகளை எண்ணுங்கள்

கதை முடிவில் வில்லன் சாவது நமக்குப் பழகிவிட்டது. அதற்கு முன்னால் அவன் திரும்பியிருக்கக்கூடிய இடங்கள் எத்தனை?

தோல்பாவைக்கூத்தில்தான் இது எனக்கு உறைத்தது. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட கலைக் குடும்பங்கள் எங்கள் பக்கம் தலைமுறைகளாக ராமாயணம் ஆட்டுகின்றன. வெள்ளைத் திரை, பின்னால் விளக்கு, ஆட்டுத்தோலில் வெட்டிச் சாயம் ஏற்றிய பாவைகள். ஆட்டுகிறவர் ஒருவர்தான். ராமனுக்கும் ராவணனுக்கும் சீதைக்கும் அவரே குரல். நடுவில் கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார்கள்.

முதல் நாள் போரில் எல்லாவற்றையும் இழந்து ராவணன் நிற்கிறான். ராமன் "இன்று போய் நாளை வா" என்கிறான். அதுவரை திரை நடுங்கக் கத்திக்கொண்டிருந்தவர், குரலை அப்படியே கீழே இறக்கினார். பத்துத்தலைப் பாவையைத் திரையோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். உருவம் மங்கிப் பெரிதாகி ஆடியது. வீரத்தையும் களத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு போனான் என்கிறான் கம்பன். பாவையின் கையில் ஆயுதம் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

ஒரு முழு இரவு கிடைத்தது அவனுக்கு. என்ன நினைத்தான்? ஊர் சிரிக்கும், வானம் சிரிக்கும் என்பதற்கெல்லாம் வெட்கப்படவில்லையாம். சீதை சிரிப்பாளே என்றுதான் கூசினானாம். கூச்சத்தில் இருக்கிறவனால் கதவைப் பார்க்க முடியாது. தம்பி கும்பகர்ணனைத் தட்டி எழுப்பச் சொன்னான்.

பிள்ளைகள் எண்ணினார்கள். மாரீசன் சொன்னான், வீடணன் சொன்னான், அனுமன் தூதாக வந்தான், அங்கதன் வந்தான், மாலியவான் சொன்னான், எழுந்து வந்த கும்பகர்ணனே சொன்னான். ஒவ்வொரு கதவுக்கும் நேரே இரண்டு விவரம் எழுத வேண்டும். யார் திறந்தது, என்ன சொல்லி மூடினான். மூடிய சொற்களைத் தனியாக வாசித்துப் பாருங்கள். ராவணனுடையவை பெரும்பாலும் 'பயந்துவிட்டாயா?' என்ற ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள்.

என் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. அண்ணனோடு எனக்கு வாய்க்கால் வரப்புத் தகராறு. மாமா மூன்று தடவை பேச வந்தார். மூன்று தடவையும் நான் சொன்னது ஒன்றுதான்: "அவன் முதல்ல வரட்டும்." எழுதிப் பார்த்தபோது, இரண்டாவது தடவை மாமா அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது ஞாபகம் வந்தது. ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஆறாம் படி: பேச்சைக் கழற்றிப் பாருங்கள்

வில்லன்கள் நன்றாகப் பேசுவார்கள். அந்தப் பேச்சை மிஷினைக் கழற்றுவதுபோல் கழற்றிப் பழகினால் இன்றைக்கு நேரடியாகப் பயன்படும்.

மந்தரை தூங்கிக்கொண்டிருந்த கைகேயியை எழுப்புகிறாள். ராமனுக்கு முடி என்று கேட்டதும் கைகேயி மகிழ்ந்து மாலை பரிசு கொடுக்கிறாள். மந்தரை அதைத் தரையில் வீசுகிறாள். கோசலை உயர்ந்துவிட்டாள், நீ தாழ்ந்துவிட்டாய் என்கிறாள். கைகேயி திட்டுகிறாள். அசரவில்லை. பரதன் கதி என்ன என்று பிள்ளையைத் தொடுகிறாள். அங்கேதான் பிடி விழுகிறது. அதற்குப் பிறகே இரண்டு வரத்தை நினைவூட்டுகிறாள். ஆள் அரைத்தூக்கம், அதிர்ச்சி, ஒப்பீடு, பிள்ளைமேல் பயம், கடைசியில் தயாராக ஒரு வழி. எல்லாம் 'உன் நல்லதுக்குத்தான்' என்ற முலாமோடு. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவில் வரும் இயாகோ இன்னும் ஒரு படி மேல். 'வேண்டாம், என்னைக் கேட்காதீர்கள்' என்று தயங்கித் தயங்கியே விஷத்தை ஏற்றிவிடுவான்.

இப்போது போனில் வரும் மோசடியை இதன் பக்கத்தில் வையுங்கள். "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம். வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். உடனே பணத்தை மாற்றினால் நாங்கள் உதவுகிறோம்." மந்தரை போட்ட அதே ரோடு. அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது. எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் தன் பாட்டாவுக்கு வந்த அழைப்பைக் கேட்டுவிட்டு, "பாட்டா, இது மந்தரை, வச்சிருங்க" என்று போனைப் பிடுங்கியிருக்கிறாள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். நிமிஷங்கள் முக்கியம்.

ஏழாம் படி: ஒரு பக்கம் அவர் குரலில் எழுதுங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். வில்லன் தன் கதையைத் தானே சொல்வதுபோல் ஒரு பக்கம். மன்னிப்புக் கேட்கக்கூடாது, பெருமையும் அடிக்கக்கூடாது. உரக்க வாசியுங்கள். வாசித்து முடித்ததும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு பையன் துரியோதனனாக வாசித்துவிட்டு அன்று முழுக்கத் தம்பியைப் படுத்தியதாக அவன் அம்மா வந்து சொன்னார். நம்பியார் திரையில் எத்தனையோ பேரைச் சாட்டையால் அடித்தார். மேக்கப்பைக் கலைத்த பிறகு சபரிமலைக்கு மாலை போட்டுப் போகும் குருசாமியாக இருந்தார். கலைக்கத் தெரிய வேண்டும்.

எங்கே தப்பாகும்?

முதல் படியில் ஒரு கண்டிப்புச் சொன்னேன் அல்லவா? ஆரம்பத்தில் அந்த விதி இல்லை. ஒரு பையன் வில்லன் என்ற இடத்தில் தன் அப்பாவின் பெயரை எழுதி, வரப்பட்டியல் வரை ஒழுங்காகப் போட்டிருந்தான். வீட்டில் நோட்டை அப்பா பார்த்துவிட்டார். மறுவாரம் அவரே நூலகத்துக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நோட்டை மேஜையில் வைத்து, பச்சைப் பக்கத்தைத் திறந்து காட்டினார். அதில் ஒன்றும் எழுதவில்லை. "ஒரு வரிகூடவா இல்ல சார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்றோடு உயிருள்ளவர்களை எடுப்பதை நிறுத்தினோம். வீட்டிலும் யாரையாவது சகுனி, கூனி என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடத் தொடங்கினால் உடனே தடுத்துவிடுங்கள்.

எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இரண்டாம் படியும் நான்காம் படியும் போதும். பெரியவர்கள் தனியாகச் செய்தால் ஐந்தாம் படியில் ஏமாற்றுவார்கள். அதை யாராவது ஒருவருக்கு வாசித்துக் காட்டுவது நல்லது.

அடுத்த சனிக்கிழமைக்குச் சூரபத்மனை எடுத்திருக்கிறோம். மாமரமாகி நின்று, வேலால் பிளந்து, ஒரு பாதி மயிலும் ஒரு பாதி சேவலுமாகி, முருகனிடமே வேலைக்குச் சேர்ந்தவன். கதையைச் சொல்லி முடித்ததும் கடைசி வரிசையில் இருந்து ஒரு கை உயர்ந்தது.

"சார், சுசீந்திரத்துல கூவுனது இந்தச் சேவலா?"